யார் யார் ஒரே அணியில்? ஏலமலை அடிவாரத்தில் விளையாட்டும் சமூக மேம்பாடும்



விளையாட்டு மனிதர்களை ஒன்று சேர்க்கும் என்பது பரிசளிப்பு விழா மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் வாசகம். ஐக்கிய நாடுகள் சபை 2013இல் கூடி, ஏப்ரல் 6ஆம் தேதியை வளர்ச்சிக்கும் அமைதிக்குமான விளையாட்டு நாளாக அறிவித்தது. 2015இல் உலக நாடுகள் ஏற்ற 2030க்கான நிலைத்த வளர்ச்சித் திட்ட அறிக்கையிலும் விளையாட்டுக்கு ஓர் இடம் உண்டு. இவ்வளவு பெரிய மேடைகளில் சொல்லப்படும் ஒன்றை நம் ஊர்க் களத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? அந்தச் சோதனைதான் இன்றைய என் பேச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு தானாக யாரையும் சேர்ப்பதில்லை. அதே ஆட்டம் பிரிக்கவும் செய்யும். யாரை யாரோடு ஒரே அணியில் நிறுத்துகிறோம், எந்த நேரத்தில் ஆட வைக்கிறோம், யார் பொறுப்பில் விடுகிறோம் என்ற மூன்று ஏற்பாடுகள்தாம் பயனைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் முதலாவதே தலையாயது. அதைப் பற்றித்தான் நம் ஊர்களில் யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் இந்த மண்ணின் அன்றாடத்தைப் பார்ப்போம். போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். விடிந்தும் விடியாமலும் போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்படுகின்றன. களையெடுப்பு, கவாத்து, காய் எடுப்பு என எதுவானாலும் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. மூணாறுத் தேயிலைத் தொழிலாளி தோட்டத்துக்குள்ளேயே, லயம் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருப்பவர். ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் தொழிலாளி கீழே குடியிருந்து தினமும் மலையேறி இறங்குபவர். இந்த ஒரு வேறுபாடு பிள்ளைகளின் மாலைப் பொழுதையே மாற்றிவிடுகிறது. நாலு மணியைத் தாண்டியதும் பள்ளி விட்டுவிடும். ஜீப் இறங்கி, அம்மா வீடு வந்து சேர இருட்டிவிடும். இடைப்பட்ட நேரத்துக்குப் பொறுப்பானவர் வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டி, இல்லையென்றால் ஒருவரும் இல்லை. தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் பெண் பிள்ளைக்கு. ஆண் பிள்ளைக்குத் தெரு. இங்கே விளையாட்டைக் கொண்டு சமூகப் பணி செய்ய நினைப்பவர் கையில் எடுக்க வேண்டியது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான்.

தெருவில் ஆட்டம் இல்லாமல் இல்லை. டென்னிஸ் பந்துக் கிரிக்கெட், கபடி, வாலிபால் எல்லாம் நடக்கின்றன. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் டோர்னமெண்ட், ரொக்கப் பரிசு, ஆளுயரக் கோப்பை எதற்கும் குறைவில்லை. ஆனால் அணி எப்படி அமைகிறது? தெருவுக்கு ஓர் அணி. நம் ஊர்களில் தெரு என்பது பெரும்பாலும் ஒரு சாதி; காலனி என்பது இன்னொரு சாதி. எனவே தெருவுக்கும் தெருவுக்கும் நடக்கும் ஆட்டத்தில் எல்லைக் கோட்டின் இருபுறமும் நிற்பது யார் என்று ஊருக்கே தெரியும். 1989இல் போடியையும் சுற்றுக் கிராமங்களையும் சூறையாடிய சாதிக் கலவரத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அப்படிப்பட்ட வட்டாரத்தில் சீருடையின் முதுகில் யார் படம் அச்சாகிறது என்பது சிறிய விஷயமாகுமா? கபடிப் போட்டிக்கு அனுமதி தரும்போது சீருடையில் சாதித் தலைவர் படமோ கட்சித் தலைவர் படமோ இருக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனை விதித்திருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி அடையாள வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. கையிலிருந்து அவிழ்த்த நிறம் பனியனில் ஏறிக்கொண்டால் அந்தப் பரிந்துரையால் என்ன பயன்?

இது வெறும் கவலைதானா, ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. பொருளாதார ஆய்வாளர் மேட் லோ உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார். அதன் முடிவுகள் 2021இல் வெளியாயின. வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைத் திரட்டி, ஒரு பகுதியினரை ஒரு மாதம் நீடித்த கிரிக்கெட் லீக்குகளில் ஆட வைத்தார்; மற்றவர்களை ஒப்பீட்டுக்காக வெளியே வைத்தார். ஆடியவர்களில் சிலர் ஒரே சாதி அணிகளில் சேர்க்கப்பட்டனர், சிலர் கலப்பு அணிகளில். எதிரணி யார் என்பதும் குலுக்கலில்தான் முடிவானது. அதனால் இன்னாருக்கு இன்ன அணி வாய்த்ததற்கு அவரவர் குணமோ விருப்பமோ காரணமாக இருக்க வழியில்லை. கலப்பு அணியில் ஆடியவர்களிடம் பிற சாதி நண்பர்கள் கூடினர். தன் சாதிக்காரனையே தேர்ந்தெடுக்கும் சாய்வு குறைந்தது. பொருள்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில்கூட சாதி கடந்து ஆதாயம் தேடத் துணிந்தனர். மறுபக்கம், பிற சாதியினரை எதிரணியாக மட்டுமே சந்தித்தவர்களிடம் பழக்கம் பொதுவாகக் குறையவே செய்தது. பந்தும் மட்டையும் விதிகளும் இரண்டு பக்கமும் ஒன்றேதான். பக்கத்தில் நின்றவர் யார், எதிரில் நின்றவர் யார் என்பது மட்டுமே வேறு.

இந்தக் கண்டுபிடிப்பின் கனத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். நல்லெண்ணத்தோடு நாம் நடத்தும் தெருவாரி டோர்னமெண்ட், ஊரைச் சேர்க்கிறோம் என்ற நம்பிக்கையிலேயே ஊரைப் பிரித்துக்கொண்டிருக்கக்கூடும். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கைகுலுக்குகிறார்களே என்று சொல்வதுண்டு. கைகுலுக்கல் ஒரு நிமிடம். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் முழுவதும் ‘அவன் ஆளு’, ‘நம்ம ஆளு’ என்ற கூச்சல். கபடியில் சாதி எவ்வளவு ஆழமாக ஊடுருவியிருக்கிறது என்பதை மணத்தி கணேசனின் வாழ்வு சொல்லும். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கிளம்பி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்றவர் அவர். அவரது வாழ்க்கையைத் தழுவி 2025இல் வந்த ‘பைசன்’ திரைப்படம், கிராமத்துக் களத்தைச் சாதிப் பகை எப்படிச் சூழ்ந்திருந்தது என்பதையே கதையாக்கியது. தனி ஒருவர் திறமையால் அந்தச் சூழலைத் தாண்டி வெளியே வரலாம். அவர் போன பிறகும் ஊர்க் களம் இருந்தபடியேதான் இருக்கும்.

இந்த ஆதாரத்தின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லோவின் சோதனை ஆண்களை மட்டும் கொண்டது. இன்னொரு சோதனை, சல்மா மூசா வட இராக்கில் நடத்தியது, 2020இல் வெளியானது. ஐஎஸ் படையால் விரட்டப்பட்டுத் திரும்பிய கிறிஸ்தவர்களின் உள்ளூர்க் கால்பந்து அணிகளில் சிலவற்றுக்குப் புதிதாக முஸ்லிம் ஆட்டக்காரர்களையும், மற்றவற்றுக்குக் கிறிஸ்தவர்களையே இன்னும் சிலரையும் சேர்த்தார். கலப்பு அணியினர் அடுத்த பருவத்திலும் கலந்து ஆடப் பதிவு செய்தனர். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சியைத் தொடர்ந்தனர். ஆனால் களத்துக்கு வெளியே, முகமறியாத முஸ்லிம்களோடு பழகும் விஷயத்தில் அவ்வளவு மாற்றம் இல்லை. கூட ஆடியவன்மீது நம்பிக்கை வந்தது. அவன் சமூகத்தின்மீது அப்படியே பரவிவிடவில்லை. ஆகவே ஒரு மாத லீக் நடத்தினால் ஊர் மாறிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. நம் கிராமங்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே கூட ஆடுபவன் அன்னியன் இல்லை. அதே பள்ளி, அதே பேருந்து நிறுத்தம், நாளை அதே ஜீப். களத்தில் பிறக்கும் பழக்கம் அந்த இடங்களில் தொடர வாய்ப்பு அதிகம். தொடர வேண்டுமானால் ஆட்டம் திருவிழாவுக்கு ஒரு நாள் என்றில்லாமல் வாரம் முழுக்க நடக்க வேண்டும்.

அடுத்து வரும் மறுப்பு கடுமையானது, நியாயமானதும்கூட. கூலி சரியில்லை, பாதுகாப்பான வண்டி இல்லை, பிள்ளைக் காப்பகம் இல்லை. இவற்றை விட்டுவிட்டு பந்தைக் கொடுப்பது ஏமாற்று வேலை இல்லையா? மெட்டுக்கு அப்பால் மூணாறில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே கண்ணன் தேவன் தோட்டங்களுக்கிடையே ஃபின்லே கால்பந்துப் போட்டி 1940களிலிருந்து நடந்துவருகிறது. வெள்ளைக்கார நிர்வாகம் தொடங்கியது. லயத்துத் தமிழர்கள் அதைத் தங்கள் திருவிழாவாகவே ஆக்கிக்கொண்டார்கள். அணி எஸ்டேட்டின் பெயரில் அமைந்ததால், ஒரே தோட்டத்தில் வேலை செய்பவர்கள் ஒரே அணி ஆனார்கள். அது அந்தப் போட்டியின் சிறப்பு. ஆனால் கொழுந்து பறித்த பெண்களுக்கு அந்தக் களத்தில் பார்வையாளர் இடம்தான் கிடைத்தது. 2015 செப்டம்பரில் அதே பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு, போனசுக்காகவும் கூலிக்காகவும் மூணாறுச் சாலையை மறித்தபோது, எழுபதாண்டுக் கால்பந்து அவர்களுடைய குறை எதையும் தீர்த்திருக்கவில்லை என்பது வெட்ட வெளிச்சமானது. விளையாட்டு கூலிக்கு மாற்று ஆகாது. முதலாளியோ அரசோ அதை மாற்றாகக் காட்ட முயன்றால் மறுக்கத்தான் வேண்டும். அதே சமயம், கூலிப் போராட்டம் வெல்லும்வரை பிள்ளைகளின் மாலைப் பொழுது காத்திருக்காது. இரண்டையும் கேட்பதில் முரண் ஒன்றும் இல்லை. தெருத் தெருவாகப் பிரிந்து கிடக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகள் சேர்ந்து ஆடிப் பழகினால், நாளை சேர்ந்து கேட்கவும் பழகுவார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இந்த இரண்டு மணி நேரத்தில் அதிகம் இழப்பவர்கள் அவர்களே. வயதுக்கு வந்த பெண்ணை மைதானத்துக்கு அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்ற தயக்கத்தைக் கேலி செய்வதில் பயனில்லை. அதற்குப் பதில் தரும் ஏற்பாடு வேண்டும். ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு அருகே 2009இல் தொடங்கிய ‘யுவா’ அமைப்பு அப்படி ஒரு பதிலைத் தந்தது. குழந்தைத் திருமணம் வழக்கமாயிருந்த கிராமங்களில் பெண்களின் கால்பந்து அணிகளை அமைத்தது; அந்தந்தக் கிராமத்துப் பெண்களையே பயிற்சியாளர்களாக வளர்த்தது; பின்னர் பள்ளியும் தொடங்கியது. தெரிந்த வீட்டுப் பெண் பயிற்சி தருகிறாள், தினமும் ஒரே நேரம், கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்புகிறார்கள் என்றால் பெற்றோரின் பயம் குறைகிறது. தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடி, தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். சென்னையின் ஓரத்தில் மறுகுடியமர்த்தப்பட்ட ஏழைகள் வாழும் கண்ணகி நகரிலிருந்து கிளம்பிய கார்த்திகா, 2025 ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்தார். ஊர் பெயரைச் சொல்லவே கூசிய பிள்ளைகள் அந்தப் பெயரை உரக்கச் சொல்லும் நிலை வருவதும் மேம்பாடுதான்.

இனி பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. நம் மாநிலத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. 2006க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகத்தோடு விளையாட்டு மைதானமும் வந்தது. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டத்தில் கபடிக்கும் வாலிபாலுக்கும் கிரிக்கெட்டுக்கும் ஆடுகளம் வந்தது. 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம், மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் மட்டை, பந்து, வலை என்று பெட்டி பெட்டியாகக் கொடுத்தது. ஆட்சிகள் மாறின, கொடுக்கும் மனம் மாறவில்லை. மூன்று திட்டத்திலும் முதன்மையாகக் கிடைத்தது பொருளும் இடமும்தான். மாலை நாலரை மணிக்குக் களத்தில் நிற்கும் ஆள் இல்லை. உடற்கல்வி ஆசிரியருக்குப் பள்ளி நேரத்துக்கே வேலை சரியாக இருக்கிறது. பூட்டிய அறைக்குள் இருக்கும் வலை யாரையும் சேர்க்காது. கேட்பாரற்ற களம் வலுத்தவன் கைக்குப் போகும், வலுத்தவன் சாதிக்குப் போகும். ஆகவே முதல் செலவு ஆளுக்குத்தான். அந்தந்த ஊரில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர், ஓர் இளம்பெண். மாதச் சம்பளம், அடிப்படைப் பயிற்சி, கேள்வி கேட்க ஒரு குழு. இவ்வளவு போதும்.

இப்படி உள்ளூர் இளைஞரை நம்பி வளர்ந்த முயற்சிகள் இருக்கின்றன. நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், களத்தில் பெற்ற வெற்றிக்கு மட்டுமல்லாமல் தெருக் குப்பையை அள்ளியதற்கும் அணிகளுக்கு லீக் புள்ளி கொடுத்தது. வென்றால் மட்டும் போதாது, ஊருக்கும் ஏதாவது செய்தால்தான் பட்டியலில் மேலே போகலாம் என்பது விதி. வடசென்னை வியாசர்பாடியில் தங்கராஜும் உமாபதியும் தொடங்கிய குடிசைப் பகுதிச் சிறுவர் அமைப்பு கால்பந்தைக் காட்டிப் பிள்ளைகளைப் படிப்பின் பக்கம் இழுத்தது. அங்கே அளவுகோல் கோல் கணக்கோடு நிற்கவில்லை. பள்ளியில் பெயர் நீடிக்கிறதா என்பதும் கணக்கில் வந்தது. இந்த இரண்டிலும் பொதுவானது, விதியை வகுக்கும்போதே சமூக நோக்கத்தை உள்ளே வைத்துத் தைத்திருப்பது. ஆட்டம் முடிந்த பிறகு ஒரு விழிப்புணர்வு உரை ஆற்றுவதால் அந்தப் பயன் வராது.

திறமைசாலிகளைக் கண்டுபிடித்துப் பதக்கம் வாங்குவதுதானே விளையாட்டுத் துறையின் வேலை, எல்லோரையும் ஆட வைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. பக்கத்துப் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அறுபது ஆண்டுக்கும் மேலாக மே மாதந்தோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்துகிறது. ஒரு சிறு நகரம் தன் சொந்த முயற்சியில் இவ்வளவு காலம் ஒன்றைத் தாங்கிப் பிடிக்க முடியும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் சிறந்தவர் ஆட ஊர் பார்ப்பது ஒன்று, ஊரே ஆடுவது இன்னொன்று. முதலாவது திறமையை வளர்க்கும். இரண்டாவதுதான் உறவை வளர்க்கும். சமூக மேம்பாடு என்ற பெயரில் பணம் கேட்டுவிட்டு முதலாவதை மட்டும் செய்தால் கணக்கு உதைக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைப்போம். பந்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அணியில் இடம் உண்டு என்பது இந்த இரண்டாவது கணக்கின் முதல் விதி.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. கலப்பு அணிக்கு எங்கள் ஊர் ஒத்துக்கொள்ளாது, வம்புதான் வரும் என்பார்கள். பெரியவர்களின் டோர்னமெண்டிலிருந்து தொடங்கினால் வம்பு வரலாம். பள்ளியிலிருந்து தொடங்குங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஏற்கெனவே ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் அது ஒன்றுதான். அதன் மைதானம் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை. பள்ளி வகுப்பு வகுப்பாகக் குலுக்கல் போட்டு அணி பிரித்தால் யார் யாரைச் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டுக்கே இடமில்லை. சீட்டு விழுந்தபடி அணி. அணிக்குத் தெருப் பெயர் வேண்டாம், தலைவர் பெயரும் வேண்டாம். கொட்டகுடி ஆறு, குரங்கணி, அகமலை என்று எல்லோருக்கும் பொதுவான ஊரும் ஆறும் மலையும் பெயராகட்டும். ஒருவரை ஒருவர் நம்பிப் பந்தைக் கொடுத்தாக வேண்டிய வாலிபாலும் கால்பந்தும் முதலில் வரட்டும். ஆளைப் பிடித்து அழுத்தும் கபடி, பழக்கம் வந்த பிறகு வரட்டும். குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து முதுவர், பளியர் குடியிருப்புப் பிள்ளைகள் கீழே வந்து ஆட முடியாவிட்டால் பயிற்சியாளர் மேலே போகட்டும். காய் எடுப்பு மும்முரமாகி ஜீப் தாமதமாகும் மாதங்களில் பயிற்சி நேரமும் நீளட்டும். ஓர் ஆண்டு முடிவில் கோப்பைகளை எண்ண வேண்டாம். எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், எத்தனை பேர் பள்ளியை விடாமல் இருக்கிறார்கள், வேறு தெரு நண்பன் வீட்டுக்குப் போய்வருகிறவர் எத்தனை பேர் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வையுங்கள்.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சிலமலைக்காரரும் ராசிங்காபுரத்துக்காரரும் டொம்புச்சேரிக்காரரும் இந்த அவையில் இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் ஊராட்சிக்கு வந்த விளையாட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது? மாலையில் அதைத் திறக்கப் போவது யார், அவருக்குச் சம்பளம் எவ்வளவு? அணிகளைத் தெருவாரியாகப் பிரிக்கப் போகிறோமா, குலுக்கிப் பிரிக்கப் போகிறோமா? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.